நாற்பத்தோராம் சிட்டை

நுக்ஸார் இறந்து இன்று நாற்பதாம் நாள்.
குத்தாயிசியின் பாதி ஊர் இந்த மேசையில்.
கோதுமையும் தேனும் கலந்த கிண்ணம்
கைமாறிக் கைமாறி வருகிறது.
ஆளுக்கொரு வார்த்தை பேசச் சொல்கிறார்கள்.
எனக்குப் பேச வராது.
இருபத்திரண்டு வருடம் அவருக்குக் கணக்கெழுதியவள்.
எண்களாகச் சொல்கிறேன்,
பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்ற ஜெனரேட்டர்கள்: நாலாயிரத்து அறுநூற்று எட்டு.
ஊருக்கே மின்சாரம் இல்லாத ஆண்டுகள் அவை.
துருக்கி எல்லையில் மூன்று இரவு லாரிக்குள் தூங்கி
முதல் பன்னிரண்டை அவரே ஓட்டிவந்தார்.
பல்லில்கூட டீசல் வாடை என்பாள்
அவர் மனைவி மஸெவினார்.
(சிரிக்கிறாயே மஸெவினார், சொன்னாய்தானே?)

பிறகு மின்சாரம் வந்தது.
தெருவெல்லாம் கைதட்டினார்கள்.
நாங்கள் இருவர் மட்டும்
கிடங்கில் நின்று
விற்காத முந்நூறு இயந்திரங்களை எண்ணினோம்.

கடையை மூடிய வாரம் கித்தான் வாங்கினார்.
ஐம்பத்தேழு வயதில்.
யாரிடமும் கற்கவில்லை, அது படங்களில் தெரியும்:
அவர் வரைந்த குதிரைக்கு முழங்கால் ஐந்து;
ரியோனி ஆறு சில நாள் மேட்டை நோக்கி ஓடும்.
மொத்தம் முந்நூற்றுப் பதினொன்று.
விற்றவை பத்தொன்பது.
அதில் ஏழை வாங்கியவர் மைத்துனர் தமாஸ்,
அவருக்கும் பாதி விலை இன்னும் பாக்கி.
ஒவ்வொரு படத்தின் முதுகிலும்
சிட்டை மாதிரி எழுதுவார்:
சாயம் இவ்வளவு, சட்டம் இவ்வளவு,
செலவான மணி இவ்வளவு.
அடியில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே, நட்டம்.
பழக்கம் விடவில்லை.
வருடக் கடைசியில் என்னைக் கூப்பிட்டுக்
கூட்டிப் பார்க்கச் சொல்வார்.
கூட்டித் தருவேன்.
ஏதோ லாபம் வந்தவர் போல
எனக்குக் காப்பி போடுவார்.

இனி நான் சொல்லப்போவது
எந்தப் பேரேட்டிலும் நேராக இல்லை.

தொண்ணூற்றாறு, ஜனவரி.
பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் ஓடிவந்தான்.
இயந்திரத்தோடு நானும் போனேன், ரசீது எழுத.
மாடியில் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.
மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்தபடி ஒரு மருத்துவச்சி.
நுக்ஸார் கயிற்றை இழுத்தார்,
இழுத்தார்,
நாலாவது முறை உறுமியது.
விளக்கு எரிந்த அந்த நொடி
மருத்துவச்சி எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

முழு விலைதான் வாங்கினோம்.
தவணைக்கு வட்டி, மாதம் நாலு சதம்.
எழுதியது என் கை.
எழுது என்றது அவர் வாய்.
அந்த வட்டி என் மகளுக்குப் பூட்ஸ் ஆனது,
அவர் வீட்டுக்குக் கூரை ஆனது.
அதைப் பற்றி
ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை நாங்கள்.

போன வாரம் அறையை ஒழிக்கப் போனேன்.
சுவரோரம் முகம் திருப்பி அடுக்கியிருந்த படங்களில்
அறுபது, எழுபது இருக்கலாம்,
எண்ணவில்லை, முதல் முறையாக எண்ணாமல் விட்டேன்,
எல்லாவற்றிலும் அந்த மருத்துவச்சி.
ஒன்றில் கண் பெரிது, ஒன்றில் கழுத்தே இல்லை.
வெளிச்சம் மட்டும் பிடிபடவே இல்லை அவருக்கு.
மஞ்சளைக் குவித்துக் குவித்துச்
சில இடங்களில் விரல் தடிமன்.

நாற்பத்தொன்றாம் எண்ணின் பின்புறம்
சாயம், சட்டம், மணி, எதுவும் இல்லை.
“ஆஸ்பத்திரி வட்டி” என்று எழுதிக்
கோடு போட்டிருக்கிறார்.
கோட்டுக்குக் கீழே வெறும் கித்தான்.

முன்பக்கம், கதவோரம்,
உள்ளங்கை அளவு ஒரு பெண்.
ரசீதுப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி,
வெளிச்சத்தைப் பார்க்காமல்
எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கோப்பையை உயர்த்துங்கள் என்கிறார் தமாஸ்.
உயர்த்துகிறேன்.
ஒரே ஒரு திருத்தம், நுக்ஸார்:
அன்று நான் போட்டிருந்த கோட்டு
நீலம் இல்லை, பச்சை.
நானும் நிமிர்ந்து பார்த்தேன்.